வினையாப் போச்சு: ஒரு தோன்றா எழுவாய்

எங்கள் ஊரில் எது கெட்டுப்போனாலும் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: "வினையாப் போச்சு." நல்லது என்று நினைத்துச் செய்தது கெடுதலில் போய் முடிந்தால் இதைத்தான் சொல்கிறோம். பசார் பக்கத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர், வாடிக்கை பெருகட்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தார். பாக்கி ஏற ஏற, கடன்பட்டவர்கள் அவர் முகத்தில் விழிக்கவே கூச்சப்பட்டார்கள். கையில் காசு இருக்கிற நாளில் சுற்றுவழியாகப் போய் அடுத்த தெருக் கடையில் சாமான் வாங்கினார்கள். கடனும் திரும்பவில்லை, வாடிக்கையும் போயிற்று. "வினையாப் போச்சுண்ணே" என்று அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஊர் என்று நான் சொல்வது ஊத்தான் மெலிந்தாங். மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தெற்குக் கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கிறது. எந்தச் சாலையில் போனாலும் கொஞ்ச தூரத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு வந்துவிடும். நான் தோட்ட ஆபீசில் கிராணியாக வேலை பார்த்தவன். கணக்கு எழுதிய கை என்பதால் ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் வரவு யாருக்கு, பற்று யாருக்கு என்று தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை. "வினையாப் போச்சு" என்ற வாக்கியத்தில் அந்த இரண்டுமே இல்லை. யார் செய்தது? யாருக்கு ஆயிற்று? ஆறாம் வகுப்பில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தாரே, தோன்றா எழுவாய் என்று, அதுதான்.

வினை என்பது முதலில் கெட்ட வார்த்தையே இல்லை. இலக்கணத்தில் அது வெறும் செயல், வினைச்சொல். திருக்குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று வரிசையாக மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றிலும் வினை என்றால் எடுத்துச் செய்கிற காரியம். சமயத்தில் நல்வினை, தீவினை என்று இரண்டு உண்டு. தெருவுக்கு வந்தபோது நல்வினை எங்கோ வழியில் தங்கிவிட்டது. "விளையாட்டு வினையாகும்", "வினையை விலை கொடுத்து வாங்கினான்" என்று வழக்கில் மிஞ்சியது கெட்டது மட்டும்தான். கூடவே முன்வினையும் ஒட்டிக்கொண்டது. இன்று நடந்த கேட்டுக்கு என்றோ செய்ததுதான் காரணம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

மலாய்க்காரர்களிடம் இதற்கு ஒரு பழமொழி உண்டு: செஞ்ஜாத்தா மாக்கான் துவான். ஆயுதம் தன் எஜமானையே தின்றுவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் இப்போது அதிகம் அடிபடும் சொல் ப்ளோபேக். துப்பாக்கியிலோ உலையிலோ முன்னால் போக வேண்டிய வாயு பின்னால் திரும்பி, இயக்குகிறவன் மேலேயே அடிப்பது. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ இதை அரசியலுக்குக் கொண்டுவந்தது. 1953இல் ஈரானில் மொசாடெக் அரசைக் கவிழ்த்தார்கள். அடுத்த ஆண்டு அந்த வேலையைப் பற்றித் தங்களுக்குள் எழுதிவைத்த வரலாற்றில் இந்தச் சொல் எச்சரிக்கையாக வருகிறது. மன்னர் ஷா திரும்ப வந்தார், கால் நூற்றாண்டு ஆண்டார். 1979இல் புரட்சி வெடித்தது. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள், 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். ப்ளோபேக் என்றால் பலரும் முதலில் காட்டும் உதாரணம் இது.

மலாய்ப் பழமொழியிலும் சரி, ஆங்கிலச் சொல்லிலும் சரி, அடி போகும் திசை ஒன்றுதான். ஓங்கிய கைக்கே அது திரும்பி வருகிறது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் தோட்டத்துக் கதைகளை எடுத்துப் பார்த்தால் துவான் தின்னப்பட்டது அபூர்வம்.

என் அப்பாயி பிறந்தது உலு சிலாங்கூர் பக்கம் ஒரு மலைத்தோட்டத்தில். அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். அந்தப் பாட்டிக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் குளிர்காய்ச்சலில் போய்விட்டன. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல் கப்பலேறிய வினை என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பாயியும் அதை அப்படியே நம்பினார். எங்களுக்குச் சொன்னபோதும் அதே காரணத்தைத்தான் சொன்னார்.

அந்தக் காலத்து மலேரியாவைப் பற்றிப் பிற்பாடு படித்தபோதுதான் இன்னொரு காரணம் கிடைத்தது. 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். மலேரியா கொசுவால் பரவுகிறது என்று ரோனல்ட் ராஸ் செக்கந்திராபாத்தில் கண்டுபிடித்து நாலைந்து ஆண்டுகூட ஆகவில்லை. கிள்ளானிலும் பக்கத்துத் துறைமுகத்திலும் காய்ச்சல் ஆளை அள்ளிக்கொண்டிருந்தது. வாட்சன் சதுப்பை வடியவைத்தார், காட்டை வெட்டினார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. கடலோரச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பியது அனாஃபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு. அது நிழல் விழுந்த காட்டுத் தண்ணீரில் முட்டையிடுவது. காடு போனதும் அதற்கும் இடமில்லாமல் போனது. கடலோரத் தோட்டங்களிலும் இதே வைத்தியம் பலித்தது.

அதற்குள் ரப்பர் மோகம் வந்துவிட்டது. 1910 வாக்கில் விலை எங்கோ போயிற்று. கம்பெனிகள் மலையடிவாரத்தையும் மலைப்பள்ளங்களையும் திறந்தன. சமவெளியில் பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று பள்ளத்துக் காட்டை வெட்டி ஓடையைச் சுத்தப்படுத்தினார்கள். மலையில் இருந்ததோ வேறு கொசு. அனாஃபிலிஸ் மாக்குலாட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைத் தண்ணீரைத் தேடிப் போய் முட்டையிடுவது. காடு மூடியிருந்தவரை அது அடங்கியிருந்தது. வெட்டித் திறந்ததும் ஓடை ஓடையாகப் பெருகியது. கிள்ளானில் காய்ச்சலை நிறுத்திய அதே வேலை மலைத்தோட்டத்தில் காய்ச்சலைக் கொண்டுவந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் கட்டுவதோ தண்ணீர் வசதிக்காக அந்த ஓடைக்குப் பக்கத்திலேயே.

வாட்சனைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. இரண்டும் வேறு வேறு கொசு, ஒரே மருந்து செல்லாது என்று அந்த நாட்டில் பிரித்துக் காட்டியதே அவர்தான். பிறகு மலை ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் போட்டு மூடினார்கள். மூட முடியாத தண்ணீரில் எண்ணெய் தெளித்தார்கள். முதுகில் பீப்பாயைக் கட்டிக்கொண்டு கொசு எண்ணெய் அடிக்கும் ஆள் தோட்டத்தில் ஒரு நிரந்தர வேலைக்காரர் ஆனது அப்படித்தான். நான் யோசிப்பது பாட்டியைப் பற்றி. பள்ளத்துக் காட்டை வெட்டு என்று ஆர்டர் போட்டது யாரோ. விலை ஏறியிருக்கும்போதே வெட்டு என்று அவசரப்படுத்தியது கடலுக்கு அப்பால் இருந்த போர்டு. பாட்டி இரண்டு பிள்ளைகளுக்கும் குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். வினை என்ற சொல் கையில் தயாராக இருந்தது, அதைப் போட்டுக் கணக்கை மூடிவிட்டார்.

ராபர்ட் மெர்டன் என்ற சமூகவியலாளர் 1936இல் எதிர்பாராத விளைவுகள் ஏன் வருகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அறியாமை ஒன்று, பிழை ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போய் இன்னொன்றும் சொல்கிறார்: உடனே கிடைக்கப்போகும் ஆதாயத்திலேயே கண் இருந்தால் தூரத்தில் வருவதை ஒருவன் பார்க்க விரும்பமாட்டான். மலைப்பள்ளத்துக்கு முதல் காரணமும் பொருந்தும், இதுவும் பொருந்தும். பிற்காலத்தில் நடந்த பலவற்றுக்கு இது மட்டுமே போதும்.

மலேரியாவும் முழுசாக விட்டுப் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனிதனிடமிருந்து மனிதனுக்கு வரும் பழைய மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்ளூர்த் தொற்றாக இல்லை. ஆனால் குரங்கிடமிருந்து வரும் நோலெசி மலேரியா காட்டோரங்களில் ஆளைப் பிடிக்கிறது. காட்டை வெட்டி வெட்டி மனிதனையும் குரங்கையும் கொசுவையும் பக்கத்தில் கொண்டுவந்ததற்கு அதில் பங்கு உண்டு. சரி, தோட்டத்துக்கு வருவோம்.

செம்பனை வந்த பிறகு நடந்தவற்றில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது ஒரு சின்ன வண்டின் கதை. செம்பனையில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. இங்கே காய் சரியாகப் பிடிக்காததால் ஆட்களை வைத்து மகரந்தத்தை எடுத்து, மாவோடு கலந்து, பெண்பூவில் ஊதவைத்தார்கள். இந்த வேலையில் பெண்கள் நிறைய இருந்தார்கள். மரமேறும் ஆபத்து இல்லை, சுமை இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். செம்பனைக்குச் சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் இந்த வேலையை ஒரு வண்டு செய்கிறது என்று கண்டுபிடித்து, கேமரூனிலிருந்து கொண்டுவந்து, 1981இல் ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே நாடு முழுவதும் பரவிவிட்டது. காய்ப்பு ஏறியது, குலை கனத்தது. வெளியிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுவந்து நன்மையாக முடிந்தவற்றில் இதை முன்வரிசையில் வைப்பார்கள். வைக்கட்டும், நியாயம்தான்.

மகரந்தம் ஊதிய பெண்களின் வேலை போயிற்று. வெளிக்காட்டு வேலைக்குப் போனார்கள், அதாவது புல் மருந்து அடிக்கவும் உரம் போடவும். எந்த அறிக்கையிலும் இது வினை என்று வராது. ஆட்செலவு மிச்சம் என்றுதான் வரும்.

அப்புறம் எலி. வண்டின் புழு ஆண்பூவுக்குள் வளரும். கொழுத்த புழு, நல்ல சத்து. எலிகள் அதை ருசி கண்டுகொண்டு ஆண்பூவைக் கிழித்துத் தின்றன. செம்பனைப் பழமே எலிக்கு விருந்து, அதோடு இது கறிவிருந்தும் ஆயிற்று. எலிக்கு மருந்து வைத்தார்கள். வார்ஃபரின் வகை மருந்துக்கு எலிகள் பழகிக்கொண்ட இடங்களில் அடுத்த தலைமுறை மருந்து வந்தது. ஒரே கடியில் தீர்ந்துவிடும், ஆனால் எலி சாக சில நாள் ஆகும். அதுவரை தள்ளாடித் தள்ளாடி வெட்டவெளியில் நடக்கும். அப்படி நடக்கும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்கு எவ்வளவு சுலபம்!

இந்த ஆந்தையைத்தான் இன்னொரு பக்கம் தோட்டங்கள் பெட்டி வைத்து வளர்த்தன. கூகை இனம், முகம் வெள்ளையாக அறுத்த ஆப்பிள் மாதிரி இருக்கும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் எலி தின்னும். முதலில் கம்பத்தில் பெட்டி கட்டியபோது லயத்துப் பெண்கள் முகம் சுளித்தார்கள். ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று வேலை மேற்பார்க்கும் தண்டலிடம் சண்டைக்கே போனார்கள். பிறகு அது அலறுவதில்லை, சீறுகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். விஷமுண்ட எலியைத் தின்ற ஆந்தைகள் பெட்டிக்கடியில் செத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீசுப் பெரிய நோட்டில் எலிமருந்துச் செலவு ஒரு தலைப்பு, ஆந்தைப் பெட்டிச் செலவு அடுத்த பக்கத்தில் இன்னொரு தலைப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கு அந்த நோட்டில் கட்டமே கிடையாது. கணக்குப் பரிசோதகர் வந்து இரண்டு பக்கத்திலும் பச்சை மையில் டிக் போட்டுவிட்டுப் போனார்.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் சரவாக் பூனைக் கதை ஞாபகம் வந்திருக்கும். டிடிடி பூச்சிமருந்து அடித்தார்கள், பூனைகள் செத்தன, எலி பெருகியது, ஆகாய விமானத்திலிருந்து பூனைகளைப் பாராசூட்டில் இறக்கினார்கள் என்ற கதை. 1960இல் பிரிட்டிஷ் விமானப்படை பாரியோவுக்குப் பூனைகளை இறக்கியது உண்மைதான். ஆனால் இருபது சொச்சம் பூனைகள் கதை சொல்லச் சொல்ல 14,000 ஆகிவிட்டன. நமக்கு அந்தக் கதை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால், அதில் யார் பேரும் இல்லை. பூனை பறந்து வருகிறது, சிரித்துவிட்டுப் போகலாம்.

துவானையே தின்ற கதைக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. எங்கள் கீழ்ப் பேராக் பக்கம் செம்பனைக்குப் பெரிய எதிரி ஊலாட் புங்குஸ். இலைத் துணுக்குகளால் தன்னைச் சுற்றிப் பொட்டலம் கட்டிக்கொண்டு தொங்கும் புழு. பெருத்துவிட்டால் மட்டை மட்டையாக இலையைத் தின்று மரத்தைக் காயவைத்துவிடும். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் டிடிடி, டீல்ட்ரின், எண்ட்ரின் என்று வீரியமான மருந்துகளைச் செம்பனையில் அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புழு கூடியது. பொட்டலத்துக்குள் இருந்த புழு தப்பிக்க, அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த குளவிகளும் மற்றப் பூச்சிகளும்தான் செத்தன. பூச்சியியல் ஆய்வாளர் பிரையன் வுட் இதைக் கண்டறிந்து, கண்டபடி அடிப்பதை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகு குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. செஞ்ஜாத்தா மாக்கான் துவான் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். குலை குறைந்தது, லாபம் குறைந்தது, கம்பெனிக்கே வலித்தது. ஆகவே சீக்கிரம் பாடம் படித்தார்கள்.

இதன் பக்கத்தில் பராகுவாட்டை வைத்துப் பாருங்கள். புல் மருந்து. முதுகில் பம்ப்பைச் சுமந்து அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதாவது வண்டு வந்த பிறகு வெளிக்காட்டுக்கு அனுப்பப்பட்ட அக்காமார்களும் அவர்கள் மகள்களும். நகம் கறுத்து உதிர்வதும், மூக்கில் ரத்தம் வருவதும், தோல் வெந்துபோவதும் இந்த மருந்தால் வருபவை என்பது மருத்துவ உலகம் அறிந்ததுதான். மலேசிய அரசு 2002இல் தடை விதித்தது. 2006இல் தடையை விலக்கியது. மறுபடி முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. மலிவான மருந்து, வேகமாக வேலை செய்யும், புல் காய்ந்தது கண்ணுக்குத் தெரியும். உதிர்ந்த நகம் எந்த நோட்டிலும் ஏறாது. புழு விஷயத்தில் சில ஆண்டுகளில் முடிந்த திருத்தம், புல் விஷயத்தில் இத்தனை காலம் இழுத்ததற்கு அறிவியல் போதாமை காரணமில்லை என்பது என் எண்ணம். அடி விழுந்த உடம்பு வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்களோடு வேலை செய்த ஓர் அக்கா கையை நீட்டிக் காட்டி, "என்ன தம்பி செய்றது, நம்ம வினை" என்றார். பாட்டி சொன்ன அதே சொல். நடுவில் பல பத்தாண்டுகள் போயிருந்தன, ரப்பர் போய் செம்பனை வந்திருந்தது, கொடிகூட மாறியிருந்தது.

ப்ளோபேக் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் சால்மர்ஸ் ஜான்சன். 2000இல் அந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகுதான் அமெரிக்கர்கள் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். அவர் அந்தச் சொல்லை விளக்கும் விதம் மலாய்ப் பழமொழியிலிருந்து கொஞ்சம் விலகுகிறது. அடி திரும்பி வரும்போது விழுவது ரகசியமாகத் திட்டம் போட்டவர்கள் மேல் அல்ல, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத சாதாரண ஜனங்கள் மேல். தங்கள் பெயரில் என்ன நடந்தது என்பது அவர்களிடம் மறைக்கப்பட்டிருப்பதால், காரணமே இல்லாமல் வந்த அடியாக அது அவர்களுக்குத் தெரிகிறது என்கிறார்.

ஈரானைப் பற்றியும் ஆப்கானிஸ்தானைப் பற்றியும் பேசிய சொல்தான். ஆனாலும் அந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்கு உலு சிலாங்கூர்தான் ஞாபகம் வந்தது. வித்தியாசமும் பெரியதுதான். அமெரிக்கக் குடிமகன் ஓட்டாவது போட்டிருப்பான். பாட்டிக்கு அந்தக் கம்பெனியின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடத் தெரியாது. காரணம் மறைந்திருந்த இடத்தில் அவன் எதிரியைத் தேடினான், பாட்டி தன்னைத் தேடினார்.

போன மாதம் என் தம்பி மகள் எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சையின் தமிழ்மொழிக் கட்டுரைக்காக ப்ளோபேக்குக்குத் தமிழ் கேட்டாள். பக்கவிளைவு மருந்துக்குப் பொருந்தும். பின்விளைவு பொதுவானது, நல்லதாகவும் இருக்கலாம். எதிர்விளைவு ஓரளவு கிட்ட வரும். எதிர்வினை என்றால் இப்போதெல்லாம் மறுமொழி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரே சொல்லில் அடக்காதே, யார் செய்தார், யார் மேல் விழுந்தது என்று ஒரு முழு வாக்கியமாக எழுது என்றேன்.

"பெரியப்பா, முன்னூறு சொல்லுக்கு மேல போனா மார்க் வெட்டுவாங்க" என்றாள். எதிர்விளைவு என்றே எழுதிக்கொண்டு போனாள்.